புயல் ராத்திரியும் அதற்கப்புறம் வரும் நாட்களும்: கடலோர, டெல்டா ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16-ஆம் தேதி, நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு மேல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிவதற்குள் புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போய்விட்டது. போகிற வழியில் திண்டுக்கல், கொடைக்கானல் வரை மரம் சாய்த்தது. காற்றின் வேலை ஒரே ராத்திரியில் முடிந்தது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து உட்கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

புயலுக்குத் தயாராவது என்றால் நம்மில் பலர் அந்த ஒரு ராத்திரிக்குத்தான் தயாராகிறோம். நாலு மெழுகுவர்த்தி, ரெண்டு பால் பாக்கெட், ஒரு பிரெட், அவ்வளவுதான். டெல்டா மக்களைக் கேட்டால், ராத்திரி எப்படியோ போய்விட்டது, மறுநாளிலிருந்துதான் சீரழிந்தோம் என்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் புயலுக்கு அப்புறம் வரும் நாட்களுக்கே இடம் அதிகம். அந்த நாட்களுக்கான ஏற்பாட்டைப் புயலுக்கு முன்பே செய்தாக வேண்டும்.

1. எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

நமக்குப் புயல் காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. காற்றின் வேகத்தை வைத்து வானிலை மையம் பெயர் சொல்கிறது. மணிக்கு 50 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அதற்கு மேல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், அதற்கு மேல் அதிதீவிரம். இதில் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரையும் கூரையையும் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 கி.மீ. காற்றில் தாக்குப்பிடித்த கூரை 120-லும் தாங்கும் என்று நினைக்கவே கூடாது.

புயலுக்கு 48 மணி நேரம் முன்பு வருவது உஷார் நிலை, 24 மணி நேரம் முன்பு வருவது எச்சரிக்கை. கரை கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பு, உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து இன்னொரு அறிவிப்பு வரும். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணையும் கவனியுங்கள். 1, 2 என்றால் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் உள்ளூரில் கவனம். 5 முதல் 7 வரை அபாயம். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். 11 ஏற்றினால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

'கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும்' என்று கஜாவுக்கு ஒரு கட்டத்தில் சொன்னார்கள். இப்படி ஒரு நீண்ட கரையைச் சொன்னால், அதில் இருக்கும் எல்லா ஊரும் தன் ஊருக்கே வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 'பக்கத்து மாவட்டத்துக்குப் போயிடும்பா' என்று டீக்கடையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இன்னொன்று, புயல் என்றால் காற்று மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரையேறியது, மூழ்கியது சென்னை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் நகராமல் நின்று கொட்டியதில், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் விழுப்புரத்தையும் கடலூரையும் பதம் பார்த்தது. ஆகவே உங்கள் வீட்டுக்கு எது ஆபத்து என்று முதலில் முடிவு செய்யுங்கள். காற்றா, மழைவெள்ளமா, கடலா, மேலணையிலிருந்து திறக்கும் தண்ணீரா?

கடல்தான் ஆபத்து என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலின் மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊரில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கடலையும் கூடவே தள்ளிக்கொண்டு வரும். மையத்துக்குத் தெற்கே இருக்கும் ஊரில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். எனவே புயல் உங்களுக்குச் சற்றுத் தெற்கே கரையேறுகிறது என்று செய்தி வந்தால் நிம்மதி அடையாதீர்கள், கடல் உள்ளே வரப்போவது உங்கள் பக்கம்தான்.

2. இருப்பதா, போவதா

இதை உஷார் நிலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கூரை வீடு, ஓட்டு வீடு, தகர அல்லது கல்நார் ஷீட் வீடு, கடற்கரையை ஒட்டிய வீடு, ஆற்றங்கரைத் தாழ்வு வீடு, பெரிய மரத்தடியில் இருக்கும் வீடு: இதில் எதுவானாலும் கிளம்புங்கள். ஊரில் உறுதியான மாடி வீடு, பள்ளிக்கூடம், பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம், எது பக்கமோ அங்கே. பகல் வெளிச்சத்தில், மழை வலுப்பதற்கு முன்பே போய்விட வேண்டும்.

போக மறுப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். மாட்டை விட்டுவிட்டு வர மனம் வராது, வீட்டில் இருக்கும் நாலு பாத்திரத்தை விட்டுவிட்டு வர மனம் வராது. 'வாங்க பாட்டி, உயிருக்கு ஆபத்து' என்று கத்தினால் வரமாட்டார்கள். 'மாட்டை நான் பாத்துக்கறேன், பாத்திரத்தை மூட்டை கட்டி எங்க வீட்டு மாடில வச்சிடறேன்' என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி செய்யுங்கள்.

பிரசவ தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். டயாலிசிஸ் செய்பவர்கள் மருத்துவமனையில் பேசி ஒரு நாள் முன்பே முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

3. ஒரு நோட்டு போடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான், செலவு ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும். உங்கள் தெருவை, முடிந்தால் உங்கள் வார்டு முழுவதையும், வீடு வீடாக எழுதுங்கள். போனில் எழுத வேண்டாம். பேட்டரி தீர்ந்த போனில் இருக்கும் பட்டியலால் ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை பேர், அதில் தனியாக இருக்கும் முதியவர் யார், படுத்த படுக்கை யார், கர்ப்பிணி, கைக்குழந்தை, இன்சுலின் போடுபவர், காது கேளாதவர், வீடு என்ன வகை, ராத்திரி எங்கே தங்கப்போகிறார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். காலையில் ஆளைத் தேடும்போது, இடிந்த வீட்டுக்குள் இருக்கிறாரா, மச்சான் வீட்டில் பத்திரமாக இருக்கிறாரா என்று தெரிய வேண்டும்.

நோட்டின் பின்பக்கத்தில் ஊரிலிருக்கும் பொருட்கள். மரம் அறுக்கும் மிஷின் யாரிடம், கோடாரி, கடப்பாரை, நீளக் கயிறு யாரிடம், டிராக்டர், ஜே.சி.பி., ஜெனரேட்டர், படகு யாரிடம், வேலை செய்யும் அடிபம்பு எங்கே, கல்யாணத்துக்குச் சமைக்கும் பெரிய அண்டாவும் அடுப்பும் எங்கே, பள்ளிக்கூடச் சாவி யார் கையில். நர்ஸ், எலெக்ட்ரீஷியன், பாம்பு பிடிப்பவர் ஊரில் இருந்தால் அவர்கள் பெயரும்.

அதிகாரிகள் எண்களையும் அதிலேயே எழுதுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, மின்னகம் 94987 94987. கூடவே வி.ஏ.ஓ., ஊராட்சி செயலர், லைன்மேன் ஆகியோரின் நேரடி எண்கள்.

4. வீடு, சாமான், தண்ணீர்

தகரக் கூரை மேல் கல்லைத் தூக்கி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். புயல் காற்றில் அந்தக் கல் அடுத்த வீட்டுச் சுவரில் போய் விழும். அதற்குப் பதில் முகட்டின் மேலாக நைலான் கயிறு போட்டு, இரண்டு பக்கமும் மண்ணில் சாய்வாக அடித்த முளையில் இழுத்துக் கட்டுங்கள். கீற்றுக் கூரைக்குக் கடலோரத்தில் பழைய மீன்வலையைப் போர்த்திக் கட்டுவார்கள், நல்ல வழி. ஷீட்டின் ஜே-போல்ட்டுகள் துரு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். கூரை பெரும்பாலும் ஓரத்தில்தான் முதலில் கிளம்பும், ஓரத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டி பறக்கும், நிறைந்த தொட்டி நகராது, அப்புறம் அந்தத் தண்ணீரும் உதவும். பூந்தொட்டி, டிஷ் ஆண்டெனா, பிளக்ஸ் பேனர், சைக்கிள் எல்லாம் உள்ளே போக வேண்டும்.

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் என்று வைத்து, குறைந்தது ஒரு வாரத்துக்குச் சேர்த்து வையுங்கள். குடம், அண்டா, டிரம், வாளி, எது இருந்தாலும் நிரப்புங்கள். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி ஏறாது, தெருக்குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. கஜா சமயத்தில் பல ஊர்களில் வாடகை ஜெனரேட்டரை வைத்துத்தான் தொட்டி ஏற்றினார்கள், செல்போனுக்கும் அதிலேயே காசு கொடுத்து சார்ஜ் போட்டார்கள்.

சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியது வேண்டும்: அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, ரஸ்க், பால் பவுடர். புளிச்சோறு கிளறி வைத்தால் முதல் நாள் ஓடிவிடும். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு மேல்தட்டில், பிளாஸ்டிக் பையில். மாற்று சிலிண்டர் இருந்தால் நல்லது. ரொக்கப் பணம் கட்டாயம். ஏ.டி.எம்., போன் பணம் இரண்டும் நின்றுவிடும். பெட்ரோல் பங்க்கும் கரண்டில்தான் ஓடுகிறது, வண்டியில் முன்பே நிரப்புங்கள். செல் போட்ட சின்ன ரேடியோ ஒன்று, டார்ச், பவர் பேங்க்.

மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு. இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் இல்லாமல் என்ன செய்வது என்று பலர் பதறுவார்கள். மண்பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இன்சுலினை நன்கு மூடிய சின்ன டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, நிழலில் வையுங்கள். கார்த்திகை மாதக் குளிரில் அது போதும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், பள்ளிச் சான்றிதழ்களை ரெட்டை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். போட்டோ எடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

5. மாடு, தென்னை, படகு

மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கொட்டகை விழுந்தால் அதற்கு ஓட வழி இருக்காது. மரமும் கம்பியும் இல்லாத மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போய் அவிழ்த்துவிடுங்கள். ஆட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, குளிரிலேயே செத்துவிடும். அதை நான்கு சுவர் உள்ள இடத்தில்தான் அடைக்க வேண்டும்.

தென்னையில் முற்றிய காய்களைப் பறித்து, அடிமட்டைகளையும் காய்ந்த மட்டைகளையும் வெட்டித் தலைச்சுமையைக் குறையுங்கள். புயலுக்கு முந்தின நாட்களில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள், மண் இளகினால் வேரோடு வரும். படகை மேட்டுக்கு ஏற்றுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டினால் மோதியே உடையும், இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மோட்டாரையும் வலையையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

6. அந்த ராத்திரி

மெயின் சுவிட்சை அணையுங்கள், கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். எல்லாரும் ஒரே அறையில் இருங்கள். ஜன்னல் இல்லாத, வீட்டின் நடுவில் உள்ள சின்ன அறை சிறந்தது. காலில் செருப்பு இருக்கட்டும், கண்ணாடியும் ஆணியும் எங்கே கிடக்கும் என்று இருட்டில் தெரியாது. குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை.

காற்றடிக்கும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் கூரை போகும் ஆபத்து அதிகம். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சும். கதவுக்குப் பின்னால் கட்டிலையும் பீரோவையும் முட்டுக் கொடுங்கள். வேடிக்கை பார்க்கவும் வீடியோ எடுக்கவும் திறக்கிற கதவு இருக்கிறதே, அதை மூட நாலு பேர் வேண்டும்.

சரி, நடுவில் திடீரென்று காற்று நின்றுவிட்டால்? இலைகூட அசையாது, மழையும் விடும், சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும். புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா சென்னையைக் கடந்தபோது இப்படித்தான் ஒரு இடைவெளி விட்டு மறுபடி அடித்தது. மறுபடி வரும் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும். அதுவரை வடக்கேயிருந்து அடித்தது தெற்கேயிருந்து அடிக்கும். ஒரு பக்கம் சாய்ந்து ஆடி நிற்கும் மரம் இந்த இரண்டாவது அடியில்தான் விழும். மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எவரையும் கிளம்ப விடாதீர்கள். காற்று நின்றதா, கண்தானா என்று ரேடியோவில் உறுதியாகும் வரை உள்ளேயே இருங்கள். அந்த அமைதியில் செய்யத்தக்க ஒரே வேலை, முட்டுக் கொடுத்ததை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றுவது.

7. விடிந்ததும்

நோட்டை எடுங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பார்த்த பெயருக்கு ஒரு கோடு. பதில் வராத வீட்டுக்கு ரெண்டு பேராக, கயிறு, கடப்பாரையோடு போங்கள்.

கீழே கிடக்கும் எந்தக் கம்பியிலும் கரண்ட் இருப்பதாகவே நினையுங்கள். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் கம்பி விழுந்திருந்தால் அந்தத் தண்ணீரிலேயே இறங்கக் கூடாது. ஊரே இருண்டு கிடக்கிறதே, கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். யாராவது ஒருவர் ஜெனரேட்டரை நேராக வீட்டு பிளக்கில் செருகியிருந்தால் அந்தக் கரண்ட் பின்னோக்கி ஓடி டிரான்ஸ்பார்மர் வழியாக உயர் அழுத்தமாகக் கம்பியில் ஏறும். கம்பியைத் தொடும் லைன்மேன் செத்துப் போவார். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் தனி எக்ஸ்டென்ஷன் ஒயரில்தான் இழுக்க வேண்டும். அதை வீட்டுக்குள்ளோ வராண்டாவிலோ ஓட்டவும் கூடாது, 20 அடியாவது தள்ளி வையுங்கள். அதன் புகையில் வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும் வாயு இருக்கிறது.

அடுத்து ரோடு. ஆம்புலன்ஸ் உள்ளே வர ஒரு தடம் போதும், மரம் முழுவதையும் அப்புறப்படுத்தப் பார்க்காதீர்கள். கஜாவுக்கு மறுநாள் உட்கிராமச் சாலைகள் பலவற்றைத் திறந்தது ஊர்ப் பையன்களின் அரிவாளும் கோடாரியும்தான். ஆனால் விழுந்த மரத்தை அறுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வில்லாக வளைந்து கிடக்கும் கிளையின் வெளிவளைவு இழுபட்டு விறைத்திருக்கும், உள்வளைவு நசுங்கியிருக்கும். வெளிப்பக்கத்தில் ஆழமாக வெட்டினால் கிளை வெடித்து முகத்தில் அடிக்கும். உள்வளைவில் கொஞ்சமாக ஒரு வெட்டு, அப்புறம் வெளிப்பக்கம் மெதுவாக, கிளை விடுபட்டு அடிக்கக்கூடிய பாதையிலிருந்து உடம்பை ஒதுக்கி நின்று. வேரோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்ததும் வேர்ப்பந்து திரும்ப எழுந்து குழியில் உட்காரும், அந்தக் குழிக்குள் குழந்தைகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியில் சாய்ந்திருக்கும் மரத்தை மின்வாரிய ஆள் வரும்வரை தொடவே வேண்டாம்.

ஆணி குத்தினாலோ தகரம் கிழித்தாலோ அன்றைக்கே டி.டி. ஊசி. பாம்புகள் மேடு தேடி வீட்டுக்குள் வந்திருக்கும், குவியலில் கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், ஆளை நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

8. தண்ணீரைச் சுத்தம் செய்வது

வெள்ளம் ஏறி வடிந்த கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தால் ஒரு வாரத்தில் ஊரே வாந்தி பேதியில் படுக்கும். அடுப்பு எரிகிறதென்றால் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷம் விட்டு இறக்குங்கள். பொதுக் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர்.

கையளவு அள்ளித் தூவுவது வீண். முதலில் சேற்றுத் தண்ணீரை முடிந்தவரை இறைத்துவிட்டு, ஊறிய பிறகு அளவெடுங்கள். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் 9.4 கன மீட்டர், அதாவது 9,400 லிட்டர். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது கணக்கு. ஆக இதற்குச் சுமார் 25 கிராம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கூடுதலாக வேண்டும், சுகாதார ஆய்வாளர் குளோரின் அளவைச் சோதித்துச் சொல்வார்.

பவுடரை வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரையுங்கள். முக்கால் வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்ட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் எடுக்கலாம். லேசாகக் குளோரின் வாசனை வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

செத்த ஆடு மாடுகளைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் நன்றாகத் தள்ளி, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஆனால் புதைப்பதற்கு முன் போட்டோ எடுத்து கால்நடை மருத்துவரிடமோ வி.ஏ.ஓ.-விடமோ பதிவு செய்துவிடுங்கள். அது இல்லாமல் நிவாரணம் வாங்குவது பெரும்பாடு. வெள்ளத்தில் நடந்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

9. பொதுச் சமையலும் நிவாரணமும்

முதல் மூன்று நாளைக்கு வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டுவதைவிட ஓர் இடத்தில் சமைப்பதே சுலபம். விறகு மிச்சம், எல்லார் முகத்தையும் தினம் பார்த்துவிடலாம், யார் வரவில்லை என்றும் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற அரிசி பருப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஃபிரிட்ஜில் இருக்கும் காய்கறி முதலில் தீரட்டும். பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும். படுக்கையில் இருப்பவர்களுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புங்கள்.

வெளியூர் லாரிகள் வரத் தொடங்கும்போதுதான் சிக்கல். லாரி மெயின் ரோட்டில் நிற்கும், ரோட்டோரத்து ஊர் நாலு தடவை வாங்கும், ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் போகாது. ஊருக்குள்ளேயும் அதே கதைதான். காலனி பெரும்பாலும் ஊர்க் கடைசியில், தாழ்வான இடத்தில் இருக்கும். கூரை அதிகம் போயிருப்பதும் அங்கேதான், லாரி கடைசியாகப் போவதும் அங்கேதான். எனவே கொடுக்கும் பட்டியலை ஊர்க் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கடைசித் தெருவுக்குக் கொடுத்துவிட்டு மெயின் ரோட்டுக்கு வாருங்கள். பொதுச் சமையலில் தனிப் பந்தி, தனி வரிசை என்று எவராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

குடும்பத்துக்கு ஒரு டோக்கன், வீட்டு வாசலில் கொடுப்பது, வாங்குகிறவரைப் போட்டோ எடுக்காமல் இருப்பது. இந்த மூன்றையும் வெளியூர்க்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல மனதோடு வருகிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

உதவ நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய துணி வேண்டாம். யாருக்கும் ஆகாத துணி ரோட்டோரத்தில் மழையில் நனைந்து குப்பையாகும். தேவைப்படுவது தார்ப்பாய், நைலான் கயிறு, கொசுவலை, போர்வை, பாய், சோலார் விளக்கு, நாப்கின், புது உள்ளாடை, பாத்திரம், பள்ளி நோட்டுகள். கிளம்புவதற்கு முன் ஊரில் ஒருவருக்குப் போன் போட்டு இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், நாளுக்கு நாள் அது மாறும். முதல் வாரக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்றாவது வாரத்தில் வருகிற ஒரு லாரிக்கு மதிப்பு அதிகம். மரம் அறுக்கத் தெரிந்தவர், எலெக்ட்ரீஷியன், கொத்தனார், ஓடு மாற்றுபவர் என்று கைத்தொழில் தெரிந்த நாலு பேர் வந்தால் அரிசி மூட்டையைவிட உபகாரம்.

மின்வாரிய ஆட்கள் வந்தால் ஊரே கூட நிற்க வேண்டும். கஜாவுக்கு அப்புறம் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். சேற்று வயலுக்குள் வண்டி இறங்காததால் பல இடங்களில் கம்பத்தை ஊர்க்காரர்கள் தோளில் தூக்கிப் போய் குழியும் தோண்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, படுக்க இடம், குளிக்கத் தண்ணீர் கொடுங்கள். கரண்ட் எப்ப வரும் என்று ஆளாளுக்குக் கேட்டு நச்சரிக்காமல், ஊர் சார்பில் ஒருவர் பேசினால் போதும்.

10. கணக்கெடுப்பும் கடனும்

அறுப்பதற்கு முன், அகற்றுவதற்கு முன், புதைப்பதற்கு முன் போட்டோ. வீட்டை நாலு பக்கமும், தோப்பை மரங்களோடு எண்ணும்படியாக, தேதி தெரியும்படி எடுங்கள். கஜாவில் விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடும் அகற்ற 500 ரூபாயும் அறிவித்தார்கள். கணக்கெடுக்க ஆள் வருமுன் மரத்தை அகற்றிவிட்டால் எத்தனை மரம் என்று நிரூபிப்பது கஷ்டம். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்களைத் தயாராக வையுங்கள். வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டு போனதில் உங்கள் பெயரும் எண்ணிக்கையும் சரியா என்று பாருங்கள். குத்தகைக்காரர், புறம்போக்கில் குடியிருப்பவர், கைம்பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகியோரின் பெயர்தான் வழக்கமாக விடுபடும். நோட்டை வைத்து அவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிர்க் காப்பீடு செய்திருந்தால், தனி வயல் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, எண் 14447. வங்கிக் கடன் இருந்தால் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். பயிர் இழப்பு 33 சதவீதத்துக்கு மேல் என்று அரசு அறிவித்த பகுதியில் கடனை மாற்றி அமைக்க வங்கிகளுக்கு வழிமுறை இருக்கிறது. நுண்கடன் வசூல்காரர்கள் மறு வாரமே வாசலில் நின்றால், தெருப் பெண்கள் ஒன்றாக நின்று பேசுங்கள்.

இருபது வருஷம் வளர்த்த தோப்பு ஒரே ராத்திரியில் போன மனிதர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கஜாவுக்கு அப்புறம் டெல்டாவில் விவசாயிகள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லிவிட்டு நகராமல், சாயந்திரம் போய்க் கூட உட்காருங்கள், தோப்புக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள், பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். 104, 14416 இரண்டிலும் மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள்.

11. தோப்பு

விழுந்த தென்னையைக் கிடந்தபடியே விட்டால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் அதில் பெருகும். தப்பிய மரங்களையும் அவை தின்றுவிடும். இழப்பீட்டுக் கணக்கு முடிந்த கையோடு அப்புறப்படுத்துங்கள். மட்டையைத் தூளாக்கும் மிஷின் கிடைத்தால் அரைத்து மூடாக்காகப் போடலாம். உரக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைத் தெளித்தால் வண்டுப் புழு சாகும். வேர் அறாமல் சாய்ந்த இளங்கன்றுகளை நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. குருத்து முறுக்கிய மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், புதுக் குருத்து வருகிறதா என்று சில மாதம் பாருங்கள். கடல்நீர் ஏறிய மண்ணை நல்ல தண்ணீர் விட்டு அலசி வடித்துவிட்டு, மண் பரிசோதனை பார்த்து ஜிப்சம் போடுங்கள்.

மறுநடவுக்கு 25 அடி இடைவெளி. நெட்டை ரகம் காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை வருமானத்துக்கு நடுவில் உளுந்து, கடலை, வாழை போடலாம், வாழையை மட்டும் அடுத்த கார்த்திகைக்கு முன்பே தார் வெட்டும்படி கணக்குப் பார்த்து நடுங்கள்.